காற்று வரட்டும்! கதவும் இருக்கட்டும்!



போன மாதம் இதே சுவர் இதழில் ஒரு அண்ணன் கதவைக் கழற்றிய ஜீப் படம் வரைந்து, ‘கதவு இல்லாம காத்து வாங்கிட்டுப் போறதுதான் கெத்து’ என்று எழுதியிருந்தார். படம் ரொம்ப நல்லா இருந்தது. சக்கரத்துக்கு அடித்த கலர்கூட சூப்பர். எனக்கும் அந்த ஜீப் பிடிக்கும். ஆனா கதவு இல்லாத வண்டியில் நான் தினமும் போய் வருகிறேன். என்னை யாரும் இதுவரைக்கும் கெத்துன்னு சொன்னதில்லை. அந்த வண்டிக்குப் பேர் ஷேர் ஆட்டோ!

அதனால் கதவைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று வந்திருக்கிறேன். பொறுமையா படிங்க.

முதலில் அண்ணனுக்குப் பிடித்த ஜீப்பில் இருந்தே தொடங்குவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வண்டி அது. 1941-ல் வந்த வில்லீஸ் எம்.பி. ஜீப்புக்குக் கதவே கிடையாது. சிப்பாய்கள் சட்டுன்னு ஏறணும், சட்டுன்னு குதிக்கணும், அதுக்காக. அந்த வில்லீஸ் ஜீப்பைத்தான் 1940களின் கடைசியில் நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்க ஆரம்பித்தது. ஆனா ஒன்றைக் கவனிக்கணும். கதவு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே மாட்டிக்கொள்ள ஒரு பட்டை வைத்திருந்தார்கள். குண்டு மழையில் போகிற வண்டியிலேயே, ஆள் வெளியே விழக் கூடாது என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்!

இப்போது வருகிற ஜீப் ராங்லர் வண்டியில் கதவைக் கழற்றி மாட்டலாம். கழற்றுவதற்கென்றே கீல்களை வெளிப்பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த அளவு கருவி வேண்டும் என்று புது ராங்லரின் கீல் மேலேயே அச்சடித்திருக்கும். கதவு போனாலும் சீட் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றத் தலைக்கு மேலே தடிமனான கம்பிக் கூண்டு இருக்கும். பாதிக் கதவும் உண்டு. கீழ்ப்பாதி இரும்பு, மேல்பாதி வெறும் காற்று.

அதில் ஒரு குறையும் இருக்கிறது. பக்கக் கண்ணாடி கதவில்தான் இருக்கும். கதவைக் கழற்றினால் கண்ணாடியும் கூடவே போயிடும். பின்னால் வருகிற வண்டி தெரியாது. 2021-ல் ஃபோர்டு நிறுவனம் புது பிராங்கோ வண்டியைக் கொண்டுவந்தபோது, கண்ணாடியைக் கதவில் வைக்காமல் முன்பக்க உடம்பிலேயே வைத்துவிட்டார்கள். கதவைக் கழற்றினாலும் கண்ணாடி நிற்கும்.

இதிலிருந்து எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? கதவு சும்மா மூடுவதற்கு மட்டும் இல்லை. உள்ளே இருப்பவரை விழாமல் பிடிக்கிறது. கை, கால், துணி வெளியே போகாமல் தடுக்கிறது. பக்கத்தில் எதாவது வந்து இடித்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்கிறது. கதவை எடுத்துவிட்டால் இந்த வேலையெல்லாம் நின்றுபோகாது. வேறு யாராவது செய்தே ஆகணும். ஜீப்பில் பெல்ட்டும் கூண்டும் செய்கின்றன. எங்க ஷேர் ஆட்டோவில் யார் செய்கிறார்கள்?

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைதான் செய்கிறது!

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன். எங்க ஆட்டோவில் வலது பக்கம் கம்பி வைத்து அடைத்திருக்கும். இடது பக்கம் ஏறி இறங்கத் திறந்தே இருக்கும். ஆட்டோ வலது பக்கம் திரும்பும்போது, நம் உடம்பு நிலைமத்தால் நேராகவே போகப் பார்க்கும். அதாவது, திறந்திருக்கும் இடது பக்கம் சாயும். உடம்பை வண்டியோடு சேர்த்துத் திருப்ப ஒரு விசை வேண்டும். அதற்கு சூத்திரம் நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுப்பது. என் எடை 40 கிலோ. ஆட்டோவின் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர். விடை 100 நியூட்டன். கிட்டத்தட்ட பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கிற விசை!

சீட்டின் உராய்வு கொஞ்சம் தாங்கும். ஆனா ரெக்சின் சீட் வழுக்கும். மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். அதோடு நான் ஒருத்தி மட்டுமா இருக்கிறேன்? உள்ளே இருக்கும் மற்ற இரண்டு பேரும் அதே நேரத்தில் என் மேல்தான் சாய்வார்கள். அவர்களின் பாரமும் ஓரத்தில் இருப்பவளுக்குத்தான். ஒரு கையில் புத்தகப் பை, ஒரு கையில் கம்பி. மெதுவாகப் போகும்போதே இப்படி. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு!

போன வருடம் எங்க தெரு அக்கா ஒருத்தர் இப்படி ஒரு வளைவில் ஆட்டோவில் இருந்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்துக் கை சரியாகிவிட்டது. ஆனா அவங்க வீட்டில், ‘படிச்ச வரைக்கும் போதும், இனிமே ஆட்டோவில் ஏத்தி அனுப்ப முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். அக்கா இப்போ வீட்டில்தான் இருக்கிறார். எங்க ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. விட்டால் ஆட்டோதான். பதினொன்றாம் வகுப்பு படிக்கணும்னா டவுனுக்குப் போகணும். எங்க அப்பத்தா இப்பவே, ‘அந்தக் கதவில்லாத வண்டியில பொம்பளப் புள்ள எப்படிம்மா போவ?’ என்று கேட்க ஆரம்பிச்சாச்சு. நல்ல மார்க் எடுத்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஒரு கதவு கிடைச்சா பதில் கிடைக்கும்!

ஆட்டோவை மட்டும் சொல்லவில்லை. பஸ் படிக்கட்டும் கதவில்லாத இடம்தான். 2012 டிசம்பர் 10-ம் தேதி சென்னை பெருங்குடியில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போன மாணவர்கள் லாரியில் அடிபட்டு நான்கு பேர் இறந்துபோனார்கள். சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பெரிய உயிரிழப்பு நடந்த பிறகுதான் கதவைப் பற்றி எல்லோரும் பேசினோம். முன்னாடியே பேசினால் என்ன?

‘அப்போ ஆட்டோவைக் கார் மாதிரி முழுசா அடைச்சிடலாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம்! சித்திரை வெயிலில் அடைத்த ஆட்டோவில் மூன்று பேர் உட்கார்ந்தால் இட்லிச் சட்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏ.சி. போட்டால் கட்டணம் ஏறிடும். எங்க வீட்டில் கொடுக்க மாட்டாங்க.

இன்னொரு காரணமும் உண்டு. இது பெண் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகப் புரியும். ஆட்டோ திறந்திருப்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் கேட்கும். வண்டி தப்பான வழியில் போனால் நமக்கும் தெரியும். டிரைவர் மட்டும் திறக்கிற கதவைப் போட்டு அடைத்துவிட்டால், விழுகிற பயம் போய் வேறு பயம் வந்துடும். அதனால் முழுக் கதவும் வேண்டாம், கதவே இல்லாமலும் வேண்டாம். பாதிக் கதவு வேண்டும்.

அந்தப் பாதிக் கதவு எப்படி இருக்கணும்? என் யோசனைகள் இதோ:

1. உயரம்: உட்கார்ந்தால் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரணும். தொடை உயரத்துக்கு ஒரு கம்பி போதாது. நம் உடம்பின் பாரம் இடுப்புக்கு மேலேதான் அதிகம். தாழ்வான கம்பி தடுக்காது, தட்டிக் கவிழ்த்துவிடும். கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம் மட்டும் இருந்தால் எட்டிப் பார்க்கிறவர் என்ன ஆவார்? அதே கதைதான்.

2. அடிப்பக்கம்: சின்னப் பிள்ளை தலையோ காலோ நுழைகிற அளவு இடைவெளி கூடாது. தகடாக வைக்காமல் வலைக் கம்பியாக வைத்தால் காற்று தாராளமாக வரும். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்துப் பக்கம் போகாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 123-வது விதி சொல்கிறது. அதைத்தான் நாம் ‘சேலை கார்டு’ என்கிறோம். பைக்கில் சேலைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆட்டோவில் அந்தச் சேலை கட்டியிருப்பவருக்கும் வேணும் இல்லையா?

3. கீல்: கதவின் முன் ஓரத்தில் கீல் இருக்கணும். ஓடும்போது தவறித் திறந்தாலும் எதிர்க்காற்று அதைத் தள்ளி மூடப் பார்க்கும். பின் ஓரத்தில் கீல் வைத்தால் அதே காற்று பிடித்து விரியத் திறந்துவிடும். இத்தாலி நாட்டின் ஃபியட் 500 கார் 1957-ல் வந்தபோது கதவுக்குப் பின்னால்தான் கீல் இருந்தது. 1965-ல் முன்னால் மாற்றினார்கள்.

4. கொண்டி: நம் வீட்டு கேட் மாதிரி மேல் ஓரத்தில், வெளிப்பக்கமாக இருக்கட்டும். உள்ளே இருப்பவர் கையை மேலே விட்டுத் திறக்கலாம். வெளியே இருப்பவரும் திறக்கலாம். சாவி கூடாது, டிரைவர் கையில் பூட்டும் கூடாது. வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ ஒரே இழுப்பில் திறக்கணும். ஆனா மடியில் இருக்கும் குழந்தை விளையாட்டாகத் தட்டினால் திறக்கக் கூடாது.

இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். எங்க ஆட்டோ அண்ணனிடமே கேட்டேன். ‘ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கதவைத் திறந்து மூடினா நேரம் போயிடும் பாப்பா. ஓரத்தில் இன்னொரு ஆளை ஏத்தவும் முடியாது’ என்றார். நேரம் போகும், உண்மைதான். ஒரு ஸ்டாப்புக்கு ஐந்து நொடி போகட்டுமே! இன்னொரு ஆளை ஏற்ற முடியாது என்பதும் உண்மைதான். ஆனா அது குறை இல்லீங்க. அதுவே பாதி நன்மை! கதவு மூடவில்லை என்றால் ஆள் அதிகம் என்று அர்த்தம். போலீஸ் வந்து எண்ண வேண்டாம், கதவே எண்ணிவிடும்.

ஆனா ஆட்டோ அண்ணனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் டீசலுக்கும் தவணைக்கும் ஓடுகிறார். நாமாகவே பட்டறையில் கொடுத்துக் கதவு வெல்டிங் வைக்கவும் கூடாது. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல் 52-வது பிரிவு இருக்கிறது. அதனால் கதவு கம்பெனியில் இருந்தே வரணும். மூன்று சக்கர வண்டி நம் ஓசூரிலேயே தயாராகிறது. வெளிநாட்டில் ஜாலிக்காகக் காற்று வாங்குபவர்களுக்கு இவ்வளவு யோசித்துக் கதவு செய்ய முடிகிறது. வேறு வழியில்லாமல் காற்று வாங்குகிற எங்களுக்காகவும் இஞ்சினியர்கள் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பையை மடியில் வைத்து இடது ஓரத்தில் உட்கார்ந்து வந்து பார்த்தால் போதும். படமே தானாக வரும்!

அதுவரைக்கும் நாம் என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளைகளை ஓரத்தில் உட்கார விடாதீங்க. பெரியவர்கள் ஓரத்துக்கு மாறுங்க. துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்துங்க. நான்காவதாக ஒருத்தர் ஏறினால் ‘அடுத்த வண்டியில் வாங்க’ என்று தைரியமா சொல்லுங்க. கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லி வீட்டில் கேளுங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாமே கூட்டம் நடக்கும் நாள்தான்.

ஜீப் படம் வரைந்த அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கை நல்லா வரையும் கை. அடுத்த மாதம் பாதிக் கதவு வைத்த ஆட்டோ ஒன்று வரைந்து தாங்க. மேலே சொன்ன நாலு யோசனையும் அதில் இருக்கட்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். யோசனை தப்பு என்று நினைத்தால் அதையும் எழுதுங்க. இதே சுவரில் பதில் சொல்ல நான் ரெடி!

சிந்திப்போம்! செயல்படுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(இடது ஓர சீட்)