ஊசி நாளும் முகூர்த்த நாளும்

கலியாணத்துக்கு நாள் பார்க்கும்போது நம்மவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றனர். மாப்பிள்ளை வீட்டாரின் வசதியைக் கேட்கின்றனர். சம்பள நாளுக்கு முன்னா பின்னா என்றுகூடக் கணக்குப் பார்க்கின்றனர். அந்த வீட்டிலே மாதந்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், அதன் கிளினிக் கொப்பியை மட்டும் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. லிந்துலைப் பகுதித் தோட்டங்களிலே இதைப் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். ஊசி நாளும் முகூர்த்த நாளும் ஒன்றாய் வந்துவிட்டால், “கலியாணம் முடியட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்பதே தீர்ப்பு.

நான் குறிப்பிடுவது மூட்டுவாதக் காய்ச்சல் கண்டவர்க்குப் போடப்படும் பென்சிலின் ஊசியை. தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் நோய் அது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் இருதய வால்வுகளையே தாக்கிவிடுகிறது. ஒருமுறை கண்டவரை அது மறுபடியும் நாடும். நாடுந்தோறும் வால்விலே தழும்பு கூடும். 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுதும் படுத்துறங்குமிடத்தில், ஒரு தொண்டையிலிருந்து மறு தொண்டைக்கு அக்கிருமி செல்ல எத்தனை நேரமாகும்?

1950களின் தொடக்கத்தில், உடலிலே பல நாள் தங்கி மெல்லக் கரையும் பென்சதீன் பென்சிலின் இதற்குத் தடுப்பாகப் புழக்கத்துக்கு வந்தது. 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி. இருதயத்தைத் தொட்ட நோயாயின் 10 ஆண்டேனும் போடவேண்டும். கடுமையானால் 40 வயது வரையும் நீளலாம். 4 வாரத்துக்கொன்று எனக் கொண்டாலும் 10 ஆண்டில் 130 ஊசிகள்! பயனுண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வேன். உகண்டாவின் வடபகுதியில், நோயின் தொடக்க நிலையிலிருந்த சுமார் 800 பிள்ளைகளை இரு பிரிவாக்கி 2 ஆண்டுகள் கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். ஊசி பெறாதவருள் நூற்றுக்கு 8 பேருக்கு வால்வுப் பழுது முற்றியது. பெற்றவருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இனி, நாள் மாற்றும் வழக்கைப் பார்ப்போம். நாளை மாற்றக்கூடாதென்று நான் வாதிக்கவில்லை. மாற்றும் திசையைப் பற்றியே என் வழக்கு. அவுஸ்திரேலிய வைத்திய நெறிமுறையில், 28 நாளுக்கொருமுறை ஊசி பெறுபவர் 21ஆம் நாள் முதலே அதனைப் போட்டுக்கொள்ளலாம். 28ஐத் தாண்டிய ஒவ்வொரு நாளும் காப்பற்ற நாளெனக் கணக்கிடப்படும். முந்தினால் பழுதில்லை, பிந்தினால் உண்டு. நம் வீடுகளிலோ முந்தும் எண்ணமே எழுவதில்லை. கலியாணமோ, சடங்கோ மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வைத்தியரிடம் அப்போதே ஒரு சொல் சொன்னால் போதும்.

ஏன் சொல்வதில்லை? பிட்டத்துத் தசையில் இறங்கும் அந்தக் கெட்டி மருந்து ஓரிரு நாள் நோவு தரும். சீர்வரிசைத் தட்டேந்த வேண்டிய பெண் நொண்டி நடக்க விரும்புவாளா? கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். கலியாண வேலைக்கே பேர் பல போயிருக்கும். துணிந்து முன்கூட்டிப் போனவளும் உண்டு. உரிய நாளில் வரவில்லையென்று கடிந்து திருப்பியனுப்பப்பட்ட தாய் ஒருத்தியை நான் அறிவேன். அதன்பின் அவள் எந்தத் துணிவில் முந்திப் போவாள்? இவளை அசட்டையானவள் என்று சொல்லும் உத்தியோகத்தர்மீது எனக்குச் சினமே வருகிறது. ஊசி போட்டு முடித்ததும், “அடுத்த மாதம் வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா, அம்மா?” என்று கேட்க எவ்வளவு நேரம்? கேட்டு, விசேஷத்துக்கு நாலைந்து நாள் முன்னதாகத் தேதி எழுதிக் கொடுத்தால், நோவும் அதற்குள் தணிந்திருக்கும். நோவைக் குறைக்கவும் வழியுண்டு: லிந்துலைக் குளிரில் உறைந்த மருந்தைச் சிறிது சூடேற விட்டு, ஊசியிடுமிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, மெல்லச் செலுத்துவது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பெண்ணுக்கு இருதயக் கோளாறு என்ற பேச்சு சம்பந்தி வீட்டுக்கு எட்டிவிடுமோ என்ற அச்சம். ஊசி பெறுபவள் மணமகளாகவே இருந்தால், நாள் குறித்ததிலிருந்தே கொப்பி பெட்டிக்கடியிற் போய்விடுகிறது. பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இணங்க இயலாது. சுருங்கிய வால்வுள்ள பெண்ணின் இருதயத்துக்குக் கர்ப்பகாலம் பெரும் பாரம். அப்போது இரத்தத்தின் அளவு கூடும், மூச்சு முட்டும், கவனிப்பாரில்லையேல் உயிருக்கே மோசம் வரலாம். கர்ப்பத்திலும் பென்சிலின் ஊசியைத் தொடரலாம்; தொடரவும் வேண்டும். மறைத்துக் கொடுத்த பெண் அதை யாரிடம் போய்க் கேட்பாள்?

புகுந்த தோட்டத்துக்கு வேறு ஆஸ்பத்திரி, வேறு கிளினிக் நாள். அங்கே முதல் ஊசி என்றைக்கு, யார் கூட்டிச் செல்வது என்பதைப் பரிசம் போடுமன்றே பேசி வைக்கலாம். நகை எத்தனை பவுன் என்று சபையிற் கேட்கக் கூசாதவர் இதைக் கேட்க மட்டும் ஏன் கூசவேண்டும்?