5532ஐக் கேவலப்படுத்துபவர்களுக்கு

டாக் ஒன்றைச் சொந்தமாகக் கட்டப் போகிறோம் என்று வாய் திறந்தால் போதும், ஆரோ ஒருவர் வந்துவிடுவார். "ஒப் அம்ப் போடாதேங்கோ, சத்தம் செத்துப்போகும். வால்வ் போடுங்கோ, இல்லாட்டி வெள்ளிக் கம்பி சுத்தின ட்ரான்ஸ்போமர் போடுங்கோ." விலையைக் கேட்டால் தலை சுற்றும். கேட்ட பெடியன் வீட்டுக்குப் போய் சோல்டரிங் அயனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவான். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

1980களின் பிலிப்ஸ், மரான்ட்ஸ் சீடி பிளேயர்கள் பலவற்றுக்குள் இருந்த டிடிஏ1541ஏ சிப்பை எடுத்துக்கொள்வோம். பழுதான பிளேயரில் இருந்து இன்றைக்கும் கழற்றி எடுக்கலாம். அது அழுத்தத்தைத் தருவதில்லை, மின்னோட்டத்தைத் தருகிறது: முழு அளவில் 4 மில்லிஅம்பியர். அம்ப்ளிபயருக்கு வேண்டியது 2 வோல்ற்று அளவில். நடுவில் ஒரு மாற்றி வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை.

அந்த மாற்றியை உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்த எல்லோருக்கும் தெரியும். செயற்பாட்டு விரியலாக்கி என்று படித்து, பரீட்சைக்கு எழுதி, ஒருநாளும் கையால் தொடாமல் மறந்தோமே, அதேதான். கழித்தல் அடையாளம் போட்ட பெய்ப்பை அது பூச்சிய வோல்ற்றில் வைத்திருக்கும். சிப்பின் மின்னோட்டம் முழுக்க பின்னூட்டல் தடையிக்கூடாகத்தான் போகவேண்டும். 1.5 கிலோஓம் போட்டால் உச்சத்துக்கு உச்சம் 6 வோல்ற்று, அதாவது ஏறத்தாழ 2.1 வோல்ற்று ஆர்எம்எஸ். தடையிக்குச் சமாந்தரமாக ஒரு 1 நனோபரட் கொள்ளளவி வைத்தால் 106 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வரும் குப்பை குறையத் தொடங்கும். சும்மா நிற்கும் 2 மில்லிஅம்பியரால் வரும் 3 வோல்ற்று டிசியை வெளியில் ஒரு கொள்ளளவி மறிக்கும்.

"ஒப் அம்ப்பே வேண்டாம், வெறும் தடையிதான் சுத்தம்" என்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கோ. இந்தச் சிப்பின் வெளியீட்டுக் கால் தாங்குவது ±25 மில்லிவோல்ற்று. அந்த 2 மில்லிஅம்பியரைச் சமப்படுத்தினால்கூட 12.5 ஓமுக்கு மேல் போட ஏலாது. பிறகு அதை 100 மடங்குக்கு மேல் பெருப்பிக்க வேண்டும். பெருப்பிக்கிற வால்வுக்குச் சொந்த இரைச்சல் இல்லையாக்கும்!

5532 மலிவு, பழசு. உண்மைதான். நீங்கள் உருகி உருகிக் கேட்கிற 80, 90களின் பாட்டுக் கனக்க, ஸ்டூடியோ மிக்ஸருக்குள் இந்த 5532, 5534களுக்கூடாகத்தான் திரும்பத் திரும்பப் போய் வந்தது. அதைவிட வேகமான ஒப் அம்ப்கள் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. அப்படி ஒன்றை, கடன் வாங்கி, எடுப்பித்து ஸ்ட்ரிப் போர்டில் வைத்தோம். கை வைக்க ஏலாத சூடு. இசைக்குப் பதிலாக அலைவுதான் வந்தது. திரும்ப 5532ஐக் குத்தினோம், பாட்டு வந்தது. இரண்டு கிழமை இதிலேயே போனது, வெட்கமாகத்தான் இருந்தது.

வால்வ் வாங்கியவர் ஆசையாகக் கேட்கட்டும், அது அவருடைய காசு. ஆனால் அதை வாசல் காவலாக நிறுத்தி, முதன்முதலாகக் கட்ட வருகிறவனைத் திருப்பி அனுப்பாதேங்கோ. மிச்சக் காசு இருந்தால் இந்தச் சிப் கேட்கும் +5, −5, −15 வோல்ற்று மின்வழங்கலுக்கும், அதன் கால்களைச் சுற்றி வைக்கவேண்டிய 14 சின்னக் கொள்ளளவிகளுக்கும் செலவழிக்கச் சொல்லுங்கோ.