3.73-ஆ, 4.10-ஆ? பின் அச்சு சொல்லும் கணக்கு

சனிக்கிழமை விடியற்காலையில் காராக் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் என்று ஏதாவது ஒரு டீசல் பிக்அப். அதன் பின்னால் டிரெய்லரில் ஒரு மீன்பிடிப் படகு. ரொம்பின் பக்கம் தூண்டில் போடக் கிளம்பிய கூட்டம். கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் சத்தம் மாறும். கியர் இறங்கும், ஏறும், மறுபடியும் இறங்கும். கூட வந்தவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “டேய், இன்ஜின் பத்தல. சிப் போடு!”

இன்னொருவர் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துத் தேறியவர். அவர் சொல்வார்: “பின்னால 4.10 கியர் போட்டா மலையே ஏறலாம்.” இந்த வாரம் அந்த 4.10-ஐப் பிரித்துப் பார்ப்போம். பல ஆயிரம் ரிங்கிட் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். உள்ளே ‘கிரவுன் பினியன்’ என்று பட்டறையில் சொல்லும் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. சின்னதில் 11 பற்கள், பெரியதில் 41 பற்கள் என்றால், 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. அதாவது, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சின்னதில் 10 பற்கள், பெரியதில் 41 என்றால் 4.10.

சைக்கிளில் மேடு ஏறும்போது சின்ன கியருக்கு மாறுவோம் இல்லையா? கால் அதிகமாகச் சுற்றும், மிதிப்பது இலகுவாகும். அதே தத்துவம்தான். எண் பெரிதானால் இழுவை அதிகம், இன்ஜினின் சுற்றும் அதிகம். 3.73-லிருந்து 4.10-க்கு மாறினால் இரண்டுமே சுமார் 10 விழுக்காடு கூடும்.

அமெரிக்காவில் இது வண்டி வாங்கும்போதே எடுக்கும் முடிவு. கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கொண்ட ராம் 3500 போன்ற பெரிய பிக்அப்களுக்கு 3.42, 3.73, 4.10 என்று பின் அச்சு விகிதங்கள் இருந்திருக்கின்றன. 2019-இல் வந்த மாடலின் உச்ச இழுவை 35,100 பவுண்டு, ஏறக்குறைய 16 டன். குதிரை டிரெய்லரும் வீட்டையே இழுத்துப் போகும் கேரவனும் அங்கே சாதாரணம். தினமும் கனமாக இழுப்பவர் 4.10 கேட்பார். வருடத்தில் நாலு நாள் மட்டும் இழுத்து, மற்ற நாளெல்லாம் வெறும் வண்டியாக ஓட்டுபவர் டீசல் செலவையும் சத்தத்தையும் குறைக்கச் சின்ன எண்ணை எடுப்பார்.

நம் ஊரில் விற்பனையாளரிடம் போய் “எனக்கு 4.10 வேண்டும்” என்று கேட்க முடியாது. வண்டி எந்த விகிதத்தில் வருகிறதோ அதுதான். ஆனால் நம்மில் பலர் நமக்கே தெரியாமல் அந்த விகிதத்தை மாற்றிவிடுகிறோம். எப்படி? டயரால்!

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். பின் அச்சு 3.73 என்று வைத்துக்கொள்வோம். டயர் 265/65 ஆர்17. இதன் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 615 முறை சுற்றும். உச்ச கியரின் விகிதம் 0.7 என்றால், இன்ஜின் சுற்று சுமார் 1,600 ஆர்பிஎம்.

இந்த 1,600 என்ற எண்ணைக் கவனியுங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 டீசல் இன்ஜினின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,600-லிருந்து 2,800 ஆர்பிஎம் வரைக்கும் கிடைக்கிறது. அதற்குக் கீழே டர்போ முழு மூச்சில் வேலை செய்யாது. அப்படியென்றால் நம் உதாரண வண்டி பலத்தின் வாசற்படியிலேயே நிற்கிறது.

இப்போது அழகுக்காக 285/70 ஆர்17 டயர் மாட்டுகிறோம். விட்டம் 831 மில்லிமீட்டர் ஆகிறது, 7 விழுக்காடு பெரியது. அதே 90-இல் இன்ஜின் சுற்று 1,500-க்கு இறங்கிவிடும். வாசற்படியைவிட்டு வெளியே வந்தாயிற்று. கணக்குப்படி உங்கள் 3.73 இப்போது 3.49 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றம் வந்ததும் கியர்பெட்டி கீழே இறங்கும். கொஞ்சம் சமதளம் வந்தால் மேலே போகும். மறுபடியும் இறங்கும். இந்தத் தடுமாற்றத்தில் கியர்பெட்டி எண்ணெய் சூடாகும். சூடுதான் ஆட்டோ கியர்பெட்டியின் முதல் எதிரி.

போதாக்குறைக்கு, மீட்டர் 90 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 96-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதனால் “வண்டி இழுக்கவில்லை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கும் கேள்வி, “டயர் மாற்றினீர்களா?” என்பதுதான். பழைய அளவு டயருக்குத் திரும்புவதே பல வண்டிகளுக்கு மலிவான ‘கியர் மாற்றம்’.

சரி, டயரும் சரியாகத்தான் இருக்கிறது. அப்போது 4.10 உதவுமா? அது உங்கள் கியர்பெட்டியைப் பொறுத்தது. 5 கியர் உள்ள பழைய மேனுவல் வண்டியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடைவெளி பெரிது. நான்காவதில் இன்ஜின் கத்தும், ஐந்தாவதில் திணறும். பின் அச்சு விகிதம் அந்த இடைவெளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தும்.

ரேஞ்சர் பை-டர்போ போல 10 கியர் உள்ள வண்டியில் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை போதவில்லை என்றால் கியர்பெட்டியே ஒரு படி இறங்கி அந்த 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். நினைவில் வையுங்கள், பின் அச்சு இன்ஜினின் குதிரைத்திறனைக் கூட்டுவதில்லை, இருப்பதைப் பங்கிட்டுத் தருகிறது. அந்த வண்டியில் 4.10-இன் உண்மையான பலன் ஒரே இடத்தில்தான்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது. ஒன்றாம் கியருக்குக் கீழே இன்னொரு கியர் கிடையாது. படகை ஈரமான சரிவிலிருந்து மேலே இழுக்கும்போதுதான் அந்த 10 விழுக்காடு தெரியும். அதற்கும் நான்கு சக்கர வண்டிகளில் 4எல் என்ற குறைவேக நிலை ஏற்கெனவே இருக்கிறது. வழுக்கும் சரிவில் அதைப் பயன்படுத்துங்கள். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. ஒன்று, நான்கு சக்கர வண்டியில் பின் அச்சை மட்டும் மாற்றக்கூடாது. முன் அச்சும் அதே விகிதத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் 4எச் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்து உள்ளே உடையும். அதாவது செலவு இரண்டு மடங்கு. இரண்டு, பற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தும் இடைவெளியை நுணுக்கமாக அளந்து வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சரியில்லை என்றால் ஊளையிடும் சத்தம் வரும், பிறகு பல் தேயும். மூன்று, புதுப் பற்களைச் சில நூறு கிலோமீட்டர் பாரமில்லாமல் ஓட்டிப் பழக்கி, எண்ணெய் மாற்றிய பிறகே டிரெய்லரை மாட்ட வேண்டும்.

இனி, குடும்பத்தோடு போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5 டன் என்றால், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அந்த எடை சுமார் 300 கிலோ பலத்தில் வண்டியைப் பின்னால் இழுக்கும். ஏறும்போது அதை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது அதே 300 கிலோ உங்களை முன்னால் தள்ளும். அப்போது பார்த்துக்கொள்ள வேண்டியது பிரேக். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய அதே கியரில், முடிந்தால் அதற்கும் ஒரு படி கீழே, இறக்கம் தொடங்கும் முன்பே மாறிவிடுங்கள்.

“என் வண்டி 3,500 கிலோ இழுக்கும்” என்ற பெருமையையும் ஒருமுறை சரிபாருங்கள். பல நாடுகளில் இந்த ரக பிக்அப்களுக்குச் சொல்லப்படும் அந்த எண் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வழக்கமான வரம்பு 750 கிலோதான். கையேட்டில் வண்டி, ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரு மொத்த எடை வரம்பும் இருக்கும். அது 6,000 கிலோ என்று வையுங்கள். வண்டி 2,100, ஆட்களும் சாமானும் 700 என்றால், டிரெய்லருக்கு மிச்சம் 3,200-தான். 3,500 அல்ல.

ஆகவே வரிசை இதுதான். முதலில் எடை. அடுத்து டிரெய்லர் பிரேக். பிறகு டயர் அளவு. பிறகு கியர்பெட்டி எண்ணெயும் அதன் சூடும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் வாரா வாரம் கனமாக இழுக்கிறீர்கள், வண்டியும் பழைய மேனுவல் என்றால், அப்போது ஃபோர்மனிடம் 4.10 பற்றிப் பேசுங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தை டிரெய்லருக்கு நல்ல பிரேக் வைக்கச் செலவழியுங்கள். இழுக்கத் தெரிந்த வண்டிகள் சாலையில் நிறைய இருக்கின்றன. நிற்கத் தெரிந்த வண்டியில்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.