வாட்ச்மேனே மயங்கி விழுந்தா?

ஹேக்கிங்னாலே பாஸ்வேர்டைச் சுடுறது, பேங்க் பணத்தை உருவுறதுன்னுதான் நம்மில் பாதிப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா, எதையுமே திருட முடியாத ஒரு ஓட்டைக்கு 2025 நவம்பரில் 10-க்கு 8.6 மார்க் விழுந்தது. (நம்ம செமஸ்டர்ல விழுந்தா ட்ரீட். இங்கே மார்க் ஏற ஏற ஆபத்து!)

ஓட்டை இருந்த இடம், சிஸ்கோவின் ஐ.எஸ்.இ. சாஃப்ட்வேர். பெரிய கம்பெனி, ஆஸ்பத்திரி, யுனிவர்சிட்டி நெட்வொர்க்குகளுக்கு வாட்ச்மேன் மாதிரி. நீங்க லேப்டாப்பில் வை-ஃபையைத் தட்டினதும் ஆக்சஸ் பாயின்ட் தானா முடிவெடுக்காது. 'இந்த ஆளை உள்ளே விடலாமா?' என்று ரேடியஸ் என்கிற புரோட்டோகாலில் வாட்ச்மேனைக் கேட்கும். டயல்-அப் மோடம் காலத்தில் பிறந்த புரோட்டோகால் அது, இன்னமும் ஓடுது!

இந்த வாட்ச்மேனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தப்பான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப வந்து தொல்லை பண்ற மெஷினின் மேக் அட்ரஸைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, கொஞ்ச நேரத்துக்கு விசாரிக்காமலே விரட்டிடுவார். ஓட்டையே அங்கேதான். ஏற்கெனவே விரட்டப்பட்ட அட்ரஸின் பேரில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் ரெக்வெஸ்ட்டுகளை அனுப்பினால், லாஜிக் பிழையால் ஐ.எஸ்.இ. படுத்து, ரீஸ்டார்ட் ஆகும். அனுப்புகிறவருக்கு அக்கவுன்ட், பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. தொல்லையைத் தடுக்கப் போட்ட வசதியே தொல்லை ஆயிடுச்சு! அதுவும் டீஃபால்ட்டாகவே 'ஆன்'ல இருக்கிற வசதி. சி.வி.இ-2025-20343 என்பது இதன் பதிவு எண். பாதிக்கப்பட்டது 3.4 வெர்ஷன். அதே வருஷம் மே மாதம், அதே 3.4-ல் இதே மாதிரி இன்னொரு ரேடியஸ் ஓட்டை வெளியே வந்தது. அதுக்கும் அதே 8.6.

'ரீஸ்டார்ட்தானே, டீ குடிச்சிட்டு வந்தா சரியாயிடும்'னு தோணும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. புதுசா வர்றவங்கதான் மாட்டுவாங்க. ஆனால் எழுந்ததும் மறுபடி அடித்தால்? இதுவே ஆஸ்பத்திரியில், வார்டு மாறிப் போகிற ஒரு மானிட்டர் திரும்ப கனெக்ட் ஆக வேண்டிய நேரமாக இருந்தால்?

கேபிள் போட்ட ஸ்விட்ச்சில் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. வாட்ச்மேன் பதில் சொல்லலைன்னா இந்தக் குறைந்தபட்ச நெட்வொர்க்கில் மட்டும் விடு, என்று முன்கூட்டியே செட் பண்ணலாம். ஆனால் தாராளமாகத் திறந்து வைத்தால், வாட்ச்மேனைக் கவிழ்ப்பதே உள்ளே நுழையும் வழியாகிவிடும். பூட்டியே வைத்தால் நல்லவர்களும் தெருவில். தனித்தனி லாகின் உள்ள வை-ஃபையில் இந்தச் சாய்ஸும் கிடையாது. அங்கே உங்க டேட்டாவைப் பூட்டும் சாவியே அந்த லாகின் பேச்சுவார்த்தையில்தான் பிறக்குது. சர்வர் இல்லைன்னா சாவி இல்லை. என்னைக் கேட்டால், பாஸ்வேர்டு திருட்டுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது இந்தக் கேள்விக்கு நம்ம சிலபஸில் கொடுக்கணும்.

சிஸ்கோ சொன்ன தற்காலிக வைத்தியம், அந்த 'விரட்டும்' வசதியை அணைத்து வைப்பது; நிரந்தர மருந்து, 3.4-க்கான 4-வது பேட்ச். போட்டதும் வசதியை மறுபடி ஆன் பண்ணிக்கணும்.

கை அரிக்கிற பார்ட்டிகளுக்கு... காலேஜ் நெட்வொர்க்கில் இதையெல்லாம் ட்ரை பண்ணினால் ஐ.டி. சட்டத்தின் 66-வது பிரிவில் 3 வருஷம் வரை உள்ளே, 5 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூடக் கிடைக்கலாம். அதுக்குப் பதிலா ஃப்ரீரேடியஸ்னு ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கு. 2017-ல் கிடோ வ்ராங்கன் என்பவர், கன்னாபின்னாவென்று பாக்கெட்டுகளை ஊட்டிவிடும் 'ஃபஸ்ஸிங்' முறையில் அதில் வரிசையாக ஓட்டைகளைக் கண்டுபிடிச்சார். சர்வரையே கவிழ்க்கிறவையும் அதில் இருந்தன. அவற்றைச் சரிபண்ணி புது வெர்ஷனும் வந்தது. உங்க லேப்டாப்பில், நெட் கேபிளைப் பிடுங்கிட்டு, அதைப் போட்டுப் பாருங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தாராளமா தேறும்!