வளைக்கும்போது வரும் சத்தத்தைப் பாட்டு வைத்து மறைக்காதீங்க



வெள்ளிக்கிழமை இரவு பூஜை முடிந்ததும் விசிலும் டார்ச்லைட்டுமாக வாசலில் நின்று காடிகளை ஒழுங்குபடுத்தி அனுப்புகிற தொண்டர் குழு நாங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படிங்க.

எங்கள் கார் நிறுத்துமிடம் சின்னது. வருகிற ஒவ்வொரு காடியும் ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, மெதுவா, எங்கள் முட்டிக்கு ஒரு முழம் தள்ளி வளைந்துதான் வெளியே போக வேண்டும். அந்த ஒரு வளைவில் காடியின் குட்டு எல்லாம் வெளியே வந்துவிடும். எது ‘டக் டக் டக்’ என்கிறது, எது முனகுகிறது, எது ‘டொக்’ என்று ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிறது என்பது எங்களுக்குத் தெரிகிறது. ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. அவர் கண்ணாடியை ஏற்றியிருப்பார், ஏர்கோன் ஓடும், முருகன் பாட்டு ஒலிக்கும், பின் சீட்டில் பிள்ளைகள் பிரசாதத்துக்குச் சண்டை போடும். எங்கே கேட்கும்?

சில மாதங்களாக, சத்தம் வருகிற காடிகளை நிறுத்தி, “அண்ணே, முன்பக்கம் சத்தம் வருது, காட்டிடுங்க” என்று சொல்லி வருகிறோம். நிறையப் பேர் நன்றி சொன்னாங்க. சிலருக்குக் கோபம். “பார்க்கிங்க மட்டும் பாருங்க தம்பி, காடிய நான் பார்த்துக்கிறேன்.” நிர்வாகத்தில் ஒரு பெரியவரும் கேட்டார், கோயிலுக்கும் வொர்க்‌ஷாப்புக்கும் என்னப்பா சம்பந்தம் என்று. நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

சிங்கப்பூரில் ஒரு காருக்கு 3 வயதானால் 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. 10 வயது தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும். இங்கே டாக்சி, பஸ், லாரி போன்ற வணிக வாகனங்களுக்குத்தான் அந்தக் கட்டாயம் இருக்கிறது. நம் சொந்தக் காடி பெரும்பாலும் கைமாறும்போதுதான் பரிசோதனைக் கூடத்தைப் பார்க்கிறது. அதாவது 15 வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற ஒரு சாகா, விற்கப்படாத வரைக்கும், யாரும் அடியில் குனிந்து பார்க்காமலேயே ஓடிக்கொண்டிருக்க முடியும். எண்ணெய் மாற்றப் போகும்போது ஃபோர்மேன் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படியிருக்க, பரிசோதனை என்று நமக்கு மிச்சம் இருப்பது காதுதான். உங்கள் காது பாட்டில் இருக்கும்போது எங்கள் காது கேட்கிறது. சொன்னால் தப்பா?

நேராகப் போகும்போது ஒன்றுமில்லையே, வளைக்கும்போதுதானே வருது, அப்புறம் என்ன என்று சிலர் சொல்கிறார்கள். அப்படித்தான் வரும். நேர் ரோட்டில் பாரம் நாலு டயருக்கும் ஓரளவு சமமாகப் பிரிந்திருக்கும். வளைவில் பாரம் வெளிப்பக்க டயருக்குச் சாயும், ஷாஃப்ட் மடங்கும், ஸ்டியரிங் சாமான்கள் இழுபடும். தேய்ந்துபோன பாகம் முதலில் வாய் திறப்பது அங்கேதான். இன்று வளைவில் மட்டும் கேட்பது நாளை நேர் ரோட்டிலும் கேட்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவர்கள் சொல்லித் தந்ததும் நாங்கள் நின்று கேட்டுப் பழகியதும் சேர்த்துச் சொல்கிறோம்.

அடிக்கடி கேட்பது அந்த ‘டக் டக் டக்’. ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து லேசா எண்ணெய் மிதிக்கும்போது வரும், காடி வேகமெடுத்தால் சத்தமும் வேகமெடுக்கும். நம்மிடம் இருக்கிற சாகா, மைவி, ஆக்சியா எல்லாம் முன்சக்கரம் இழுக்கிற காடிகள். அந்த முன்சக்கரம் சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காக ஷாஃப்ட்டின் முனையில் இரும்பு உருண்டைகள் வைத்த ஒரு மூட்டு இருக்கிறது. அதைச் சுற்றி ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். அதன் பிறகு மூட்டு தேயாமல் என்ன செய்யும்? முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுசா திருப்பி வைத்துவிட்டு, டார்ச் அடித்து டயருக்குப் பின்னால் பாருங்க. ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் இன்னும் வராவிட்டால் ரப்பரும் கிரீஸும் மாற்றினாலே பெரும்பாலும் போதும், செலவு குறைவு. சத்தம் வந்த பிறகு ரப்பர் மட்டும் மாற்றுவது வீண். மூட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டையே. அதையும் தள்ளிப்போட்டால் ஒருநாள் மூட்டு உடைந்து, இஞ்சின் உறுமும், காடி நகராது. கேமரன் மலை ஏற்றத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ‘ஊஊ’ என்று ரீங்காரம். இது பார்க்கிங்கில் எங்களுக்குக் கேட்காது, ஹைவேயில் 70, 80 வேகத்தில் உங்களுக்குத்தான் கேட்கும். ஸ்டியரிங்கை லேசா இடப்பக்கம் திருப்பினால் ரீங்காரம் ஏறி, வலப்பக்கம் திருப்பினால் அடங்கினால், வலப்பக்கச் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படுங்க. இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கம் சாய்வதால் அப்படி. தேய்ந்த டயரும் இதே மாதிரி ஊளையிடும், ஆனால் வளைவுக்கு வளைவு அவ்வளவாக மாறாது. இது தெரியாமல் நாலு டயரையும் மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்குதே என்று புலம்பியவர்கள் நம் கோயிலிலேயே இருக்கிறார்கள்.

நாங்கள் உண்மையிலேயே பயப்படுவது ‘டொக்’குக்குத்தான். தொடர்ந்து வராது. நுழைவாயில் ‘பம்ப்’ மேல் ஏறிக்கொண்டே திரும்பும்போது ஒரே ஒரு தடவை, கட்டையால் தட்டின மாதிரி. ஸ்டெபிலைசர் லிங்க்காக இருக்கலாம், லோவர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம், அவ்வளவு அவசரமில்லை. ஆனால் போல் ஜாயிண்ட்டாக இருந்தால் கதையே வேறு. முன்சக்கரத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. ரோட்டோரம் ஒரு முன்டயர் மட்டும் கால் ஒடிந்த ஆள் மாதிரி வெளியே சாய்ந்து நிற்கிற காடியைப் பார்த்திருப்பீங்க. மூன்றில் எது என்று காதால் பிரிக்க முடியாது. காடியைத் தூக்கி, கம்பி போட்டு ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ‘டொக்’ கேட்டால் அந்த வாரமே தூக்கிப் பார்த்துவிடுங்க. வாரக்கடைசி வெளியூர்ப் பயணம் அதற்கு அப்புறம்.

காடி நிற்கும்போதே ஸ்டியரிங்கைச் சுற்றினால் ‘டொய்ங்’ என்று சுருள்கம்பி மீட்டுகிற மாதிரி வந்தால் அப்சோர்பருக்கு மேலே இருக்கிற மவுண்டிங் தேய்ந்திருக்கலாம். எருமை முனகுகிற மாதிரி வந்தால் பவர் ஸ்டியரிங் எண்ணெயைப் பாருங்க. வீரா, வாஜா வைத்திருக்கிறவர்கள் இதை நல்லா அறிவார்கள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாதீங்க, அது எங்கேயோ ஒழுகித்தானே குறைந்தது. மின்சார ஸ்டியரிங் உள்ள காடிகளில் அந்த எண்ணெயே கிடையாது, மூடியைத் தேட வேண்டாம்.

பயப்பட வேண்டாத சத்தங்களும் உண்டு. ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் டயர் ‘க்ரீச்’ என்று அலறுவது வழவழப்பான தரையால்தான். இன்னொன்று, ஒரு அக்கா ஒவ்வொரு வளைவிலும் ‘கடகட’ என்று வருது, கண்ணேறு பட்டிருக்குமோ என்று கலங்கிப்போய் வந்தார். பின் பூட்டைத் திறந்தோம். ஒரு குத்துவிளக்கும் ஐந்தாறு தேங்காயும் உருண்டுகொண்டிருந்தன.

மாறாக, சத்தம் புதிதாக, டயர் மாற்றிய மறுநாளே, சக்கரம் ஆடுகிற மாதிரி வந்தால் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க. ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்க. டயர் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். தைப்பூசத்துக்கு முன்தினம் டயர் மாற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பினாங்குக்குக் கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து அது சுமார் 350 கிலோமீட்டர்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வாகன பூஜைக்கு வருகிற காடிகளில், அதிலும் பழைய காடிகளில், நாங்கள் அடிக்கடி இந்தச் சத்தங்களைக் கேட்கிறோம். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டு, அதே ‘டக் டக்’கோடு வெளியே வளைகிறார்கள். பூஜையைக் குறை சொல்ல நாங்கள் யார்? அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வைக்கிறதே நாங்கள்தான். ஆனால் எலுமிச்சைச் சாறு அந்த மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிமார் ஆயுத பூஜைக்குப் பால்வெட்டுக் கத்தியை எப்படி வைத்தார்கள்? தீட்டி, துடைத்து, பிடி ஆடினால் சரிபண்ணி, அப்புறம்தான் சாமி முன்னால் வைத்தார்கள். மழுங்கின கத்தியை வைத்துவிட்டு, ஆத்தா பார்த்துக்குவா என்று அவர்கள் விட்டதில்லை. காடி நமக்கு அந்தக் கத்தி மாதிரிதானே? வேலைக்கும் அதுதான், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றுவதும் அதுதான்.

காசு இல்லாமல்தான் தள்ளிப்போடுகிறோம் என்று சிலர் எங்களிடம் தனியாகச் சொன்னார்கள். அது எங்களுக்குப் புரியும், எங்களில் பாதிப் பேர் நிலையும் அதுதான். அதற்கு எங்கள் யோசனை, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம், வரிசைப்படுத்துங்க. போல் ஜாயிண்ட், டை ராட், சக்கர நட்டு, பேரிங் இவைதான் முதலில். மவுண்டிங் முனகல் அடுத்த போனசுக்குக் காத்திருக்கலாம். ஷாஃப்ட் புதுசாக வாங்க முடியாவிட்டால் ஹாஃப்-கட் கடையில் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் போல் ஜாயிண்ட்டை மட்டும் பழசு வாங்காதீங்க. அதில் மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

வொர்க்‌ஷாப்பில் போய், “முன்னால சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொன்னால் ஃபோர்மேன் முன்னால் இருக்கிறதையெல்லாம் மாற்றுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இடப்பக்கம் திருப்பும்போதா வலப்பக்கமா, மெதுவாகப் போகும்போதா வேகத்திலா, எண்ணெய் மிதித்தாலா விட்டாலா, பம்ப் மேலே மட்டுமா என்று சொல்லுங்க. கைப்பேசியில் பதிவு பண்ணிக்கொண்டு போங்க. அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்க. மாற்றின பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்க.

கடைசியாக, கோபப்பட்ட அண்ணன்மாருக்கும் கேள்வி கேட்ட நிர்வாகப் பெரியவருக்கும். அன்னதானத்துக்கு வருகிறவர்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனால்கூட ஓடிப்போய்ச் சொல்கிறோம். நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற காடியில் ‘டொக்’ கேட்டால் வாயை மூடிக்கொண்டு விசில் ஊத எங்களால் முடியாது. சொல்லுவோம். இனி சத்தமாகச் சொல்லாமல், கண்ணாடிப் பக்கம் வந்து மெதுவாகச் சொல்லுகிறோம், பத்துப் பேர் முன்னால் சொன்னால் யாருக்கும் சங்கடம்தான். கோயில் வேனையும் இதே மாதிரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க நிர்வாகம் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறோம். வயதான அம்மாமார்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

வரும் ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்து 10 மணியிலிருந்து 12 மணிவரை பின்பக்கத் திடலில் நிற்போம். பிள்ளைகள் யாரும் திடலுக்குள் வராமல் கயிறு கட்டிவிடுவோம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் மெதுவாக ஓட்டிக் காட்டினால் போதும், வெளியே நின்று கேட்டுச் சொல்கிறோம். காசு வேண்டாம், சாமானும் நாங்கள் விற்கவில்லை. எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போவது என்பது உங்கள் விருப்பம். பூட்டில் தேங்காய் இருந்தால் மட்டும் முதலில் இறக்கி வைத்துவிட்டு வாங்க.