கூடு இருக்கிறது, குருவி எங்கே?

“மன்ற உறுப்பினர்கள் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? அதிகாரிகளே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடுவார்களே!” என்னும் பேச்சைப் பம்மலிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும், அதுவும் படித்தவர் வாயிலாகவே, நாம் அடிக்கடி கேட்கிறோம். திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் உரையாடும் பொதுநிலையினரும் இதற்கு விலக்கல்லர். இக்கருத்து தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பதே நம் வாதம். இதனை விளங்கிக்கொள்ள ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமைக்குச் சென்று திரும்புவோம்.

மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டவர் என்று லூக்கா நற்செய்தி வழியாக அகுஸ்து சீசரை நாம் அறிவோம். அவர் எவ்வாறு பேரரசரானார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னராட்சியை வெறுத்து ஒழித்தவர்கள் உரோமையர். ஆண்டுதோறும் இரு கான்சல்களைத் தேர்ந்தெடுத்து ஆட்சியை அவர்களிடம் ஒப்படைத்தனர். நெருக்கடி நேர்ந்தால் ஒருவரிடமே முழு அதிகாரத்தையும் கொடுத்தனர். ஆனால் ஆறு மாதத்திற்கு மேல் அவர் அப்பதவியில் நீடித்தல் ஆகாது. இந்த வேலியைச் சுல்லா என்னும் தளபதி கி.மு. 82-இல் தாண்டினார்; கால வரையறையின்றிச் சர்வாதிகாரி ஆனார். ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் வாழ்நாள் முழுமைக்கும் அப்பதவியைப் பெற்றார், அவ்வாண்டே கொலையுண்டார்.

அவருடைய வளர்ப்பு மகனான அகுஸ்து அந்தப் பதவிப் பெயரை ஏற்கவே இல்லை. கி.மு. 27-இல் குடியரசைச் செனட்டிடமே திருப்பி அளிப்பதாக அறிவித்தார். செனட் வழக்கம்போல் கூடியது. கான்சல்கள் வழக்கம்போல் பதவி ஏற்றனர். அவரோ தம்மை முதற்குடிமகன் என்றே சொல்லிக்கொண்டார். படையும் முதன்மையான மாநிலங்களும் அவர் கையில் இருந்தன. நூறாண்டு உள்நாட்டுப் பூசலால் களைத்திருந்த மக்கள், அமைதியும் கோதுமையும் கிடைத்தால் போதும் என்றிருந்தனர். கி.பி. 14-இல் திபேரியு ஆட்சிக்கு வந்ததும், தேர்தல் உரிமை மக்களிடமிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. வெறும் முணுமுணுப்புக்கு மேல் மக்களிடமிருந்து எதிர்ப்பே எழவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை வகுத்தது. அது முடியுமுன் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்றும் பணித்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபோது தேர்தல் நடைபெறவில்லை. தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் நீக்கியது. தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முதலில் அவ்வாண்டு டிசம்பர் இறுதி வரை என்றனர். பின்னர் ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று நீட்டித்துக்கொண்டே சென்றனர். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் வழக்கு, வார்டு மறுவரையறை என ஏதேனும் ஒரு காரணம் இருந்தது. நகர்ப்புற மக்கள் வாக்களித்ததோ 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலமும் மன்றமே இல்லாமல் கழிந்தது.

இதனால் விளைந்தது யாது? 2021 நவம்பரில் பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் உள்ளிட்ட நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அந்த இணைப்பு நன்மையா தீமையா என்பது வேறு விவாதம். ஆனால் பம்மல் நகராட்சி என்னும் அமைப்பு மறைந்த அந்நாளில், அதைப் பற்றிப் பேச மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூடப் பம்மலில் இல்லை. அலுவலகம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, வரி வசூலும் நடந்தது. கூடு இருந்தது, குருவிதான் இல்லை. குறைந்துவிட்டது என்ன என்று கேட்போருக்கு இதுவே நம் விடை.

“மன்ற உறுப்பினர்கள் ஊழல் செய்கிறார்களே” என்பர். உண்மையே. உரோமைக் குடியரசும் தூய்மையாக இருந்ததில்லை. அங்கே வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டன, மாநிலங்கள் கொள்ளையிடப்பட்டன. அந்த அருவருப்பே அகுஸ்துவின் வழியை எளிதாக்கிற்று. ஆனால் நோய்க்கு மருந்து நோயாளியைப் புதைப்பதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அங்கு இடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். ஊழலுக்கு அஞ்சி அவர்கள் தேர்வைக் கைவிடவில்லை, தேர்வைக் கடுமையாக்கினர்.

இது ஒரு கட்சியின் மீதான குறையன்று. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது அங்கும் தனி அலுவலர்களே வந்தனர். கோட்டையில் கட்சி மாறியிருந்தது, வழக்கம் மாறவில்லை. காரணம் நாமே அன்றோ! ஐந்தாண்டு காத்திருந்து வந்த 2022 தேர்தலில், அருகிலுள்ள சென்னை மாநகராட்சியில் வாக்களித்தோர் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் மட்டுமே. கேளாதவருக்கு யார் கொடுப்பார்?

2022 நவம்பர் 1 அன்று பம்மலில் பகுதி சபை கூடியபோது முதலமைச்சரே வந்து அமர்ந்தார், கூட்டம் நிறைந்தது. முதலமைச்சர் வராத நாளிலும் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் குப்பைக்கும் கணக்குக் கேட்க அங்கே சென்று அமர்வதே குடிமக்களின் கடமை. 2022-இல் அமைந்த மன்றங்களுக்கு ஐந்தாண்டு நிறைவுறுவது 2027-இல். குறித்த காலத்தில் தேர்தல் வேண்டும் என்னும் குரல் அதற்கு முன்பே எழ வேண்டும். ‘ஆறு மாதம் மட்டும்’ என்ற சொல் மீண்டும் காதில் விழுமானால், முணுமுணுத்துவிட்டு வீடு திரும்பும் மக்களாக நாம் இருத்தல் ஆகாது.