கைதுக் கணக்கு போதும், மீட்சிக் கணக்கைக் காட்டுங்க!

போதை ஒழிப்புக் கூட்டம் எண்டா மேடையில கதிரை காணாது. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் மாறி மாறிப் பேசுவாங்க. ஆனா, 'ஐஸ்'ஸுக்கும் தூளுக்கும் அடிமையானவர்களை மீட்க கந்தளாயில போன வருசம் எவ்வளவு காசு செலவழிஞ்சது எண்டு கேட்டா, மேடையில சத்தமே வராது.

கைதுக் கணக்கு மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும். 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள்ளேயே 29,000க்கும் அதிகமானோர் கைதானார்கள். இவர்களில் எத்தனை பேர் போதையிலிருந்து மீண்டார்கள்? அந்தக் கணக்கு எங்கே?

புனர்வாழ்வு என்ற பெயரில் நடந்ததையும் பார்த்தோம். 2022 ஜூன் இறுதியில் பொலன்னறுவை கந்தகாடு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்தார். குழப்பம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். சிகிச்சை கிடைக்கிற இடத்தில இருந்து நோயாளிகள் இப்படிக் கூட்டமா ஓடுவாங்களா? அடுத்த வருடமே 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் புனர்வாழ்வுப் பணியகம் அமைத்தார்கள். சட்டம் வந்தது, பதவிகள் வந்தன. கணக்கு?

"அதெல்லாம் கொழும்பு பார்க்கிற வேலை" எண்டு உள்ளூர் அதிகாரிகள் நழுவ முடியாது. பிரதேச செயலகம், பிரதேச சபை, ஆதார வைத்தியசாலை எல்லாம் மக்கள் காசில் நடப்பவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது.

கேட்க வேண்டியது நாலே நாலு கேள்வி. போதைச் சிகிச்சைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? அதில் பதாகைக்கும் கூட்டத்துக்கும் போனது எவ்வளவு? பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் எத்தனை பேர்? சிகிச்சை முடித்து வீடு வந்தவரை ஆறு மாதம் கழித்து யாராவது போய்ப் பார்த்தார்களா?

"பாதுகாப்பு விசயம்" எண்டு சொல்லிப் பார்ப்பாங்க. யாரைப் பிடிக்கப் போறீங்க எண்டு நாங்க கேட்கல்ல. எத்தனை கட்டில் இருக்கு எண்டுதான் கேட்கிறம். அதில என்ன இரகசியம்?

பிள்ளையை மீட்க வீட்டுக்காரர் நகையை அடகு வைக்கிறாங்க, காணியை ஈடு வைக்கிறாங்க. அவங்க செலவழிச்ச ஒவ்வொரு ரூபாய்க்கும் அவங்களிட்டக் கணக்கு இருக்கு. அரசாங்கக் கந்தோரிலயும் இருக்கத்தானே வேணும்!

கந்தளாயின் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் சேர்ந்து இந்த மனுவைக் கொடுக்கலாம். போதை மூன்று வீட்டுக்குள்ளயும்தான் புகுந்திருக்கு.

காசே ஒதுக்கவில்லை என்றால் அதையும் எழுதித் தரட்டும். பூச்சியம் எண்டா பூச்சியம் எண்டு போட்டு, கீழ கையெழுத்தும் வைங்க.